ஏ எழுத்தில் போன முப்பத்தொரு மணி நேரம்

இசாஜி மொரியோவுக்குக் கம்பெனி கொடுக்கவேண்டிய பாக்கி நாற்பத்திரண்டாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து யென். முப்பத்தொரு மணி நேர ஓவர்டைம். கைக்கு வருமுன்பே அந்தப் பணத்தை மொரியோ மனசுக்குள் செலவழித்துவிட்டான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பயிற்சிக்குக் கட்டணம் நாற்பதாயிரம். பெயர் கொடுக்கக் கடைசி நாள் அக்டோபர் முப்பத்தொன்று. லைசென்ஸ் வாங்கிவிட்டால் தகடு வெட்டும் பிரஸ்ஸிலிருந்து தப்பித்துவிடலாம். இருபத்தாறு வருஷமாக அதன் முன்னால் குனிந்து வாஷர் வெட்டியதில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. போன மாதம் எட்டு நாள் படுத்த படுக்கை. எழுந்து வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த முப்பத்தொரு மணி நேரத்தை ஓட்டியதே இதற்காகத்தான்.

சம்பள நாள் இருபத்தைந்து. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வங்கிக்குப் போய் பாஸ்புக்கை மெஷினில் விட்டான். வெறும் சம்பளம், அது வாடகைக்கும் வயிற்றுக்குமே சரி. ஓவர்டைம் ஒரு யென்கூட இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஆபீஸ் படியேறினான்.

கணக்கு பார்க்கும் ஹமுரோ அம்மாள் அவன் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உக்காருங்க இசாஜி-சான். நீங்க கத்துறதுக்கு முன்னாடி நான் கத்தி முடிச்சுடறேன்" என்றாள். "இந்த மாச ஓவர்டைம் மொத்தமும் அழிஞ்சுபோச்சு. நம்ம சின்னவர் கைங்கரியம்."

சின்னவர் என்றால் முதலாளியின் மருமகன் கொஹெய். டோக்கியோவில் படித்தவன், அங்கே அமெரிக்க மாதிரிக் கம்ப்யூட்டரில் பழகியவன். மூலை நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான்.

சம்பளப் பட்டியலை ஃபிளாப்பியில் ஏற்றி, சம்பள நாளுக்கு மூன்று வேலை நாள் முன்னதாக வங்கியில் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு ஹமுரோ அம்மாள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். புது ஃபிளாப்பி வாங்க முதலாளி விடமாட்டார். பழசையே துடைத்துப் போடலாம் என்று சின்னவர் உட்கார்ந்தான். ஏ என்ற டிரைவில் இருப்பதையெல்லாம் அழி என்று அடித்தான். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றான்.

"எல்லா ஊர்லயும் ஏ-ன்னா ஃபிளாப்பிதானே?" என்றான் கொஹெய், தரையைப் பார்த்து.

"எந்த ஊர்ல? உங்க கம்ப்யூட்டர்ல! அதுங்க பொறந்தப்போ ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. ரெண்டு ஃபிளாப்பி இருந்துச்சு, ஏ-யையும் பி-யையும் பிடிச்சுக்கிச்சு. பின்னால வந்த ஹார்ட் டிஸ்க்குக்கு சி. நம்ம நாட்டு மெஷின்ல அப்படியில்ல. எது மெஷினைக் கண்ண முழிக்க வைக்குதோ அதுதான் ஏ. இங்க முழிக்க வைக்கிறது ஹார்ட் டிஸ்க். ஃபிளாப்பி சி. பத்து வருஷமா மெஷின் நெத்தியிலயே சீட்டு ஒட்டி வச்சிருக்கேன், படிக்கிறதுக்கென்ன?"

"பதறிப்போய் இன்னும் நாலு தட்டு தட்டினேன்" என்றான் அவன். "மிச்சமும் போயிடுச்சு."

கையில் இருந்தது போன மாதத்து ஃபிளாப்பி ஒன்றுதான். தேதியை மட்டும் மாற்றி வங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். போன மாதம் மொரியோ படுக்கையில் கிடந்தவன், ஓவர்டைம் பூஜ்யம். பக்கத்து பிரஸ் சுபொயிக்கு இருபத்தெட்டு மணி நேரம். இந்த மாதம் ஐந்து மணிக்கு மேல் ஒரு நாளும் நிற்காத சுபொயிக்கு அதே பணம் மறுபடி வந்திருந்தது.

"டேய் இசாஜி, அந்த ஏ-க்கு நான் பூ வச்சுக் கும்பிடலாம்னு இருக்கேன்" என்று சுபொயி சிரித்தான். மொரியோவுக்கு ஸ்பேனரை எடுத்து வீசலாம் போலிருந்தது.

முதலாளி ஓகிதா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்: "பாரு இசாஜி, நீ பொய் சொல்றவன் இல்ல. ஆனா ஓவர்டைம் சீட்டு இல்லாம எப்படிக் கொடுக்குறது? நாளைக்கு எல்லாரும் வந்து முப்பது மணி, நாப்பது மணின்னு நிப்பாங்க. நீ எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டா, தர்றேன்."

சீட்டு எங்கே? பதிவு செய்து முடித்த சீட்டுகளின் பின்பக்கத்தை முதலாளியே வீணாக்க விடுவதில்லை. அதில் சரக்கின் அளவை எழுதி வாஷர் பெட்டிகளில் ஒட்டச் சொல்வார். மொரியோவின் மணி நேரமெல்லாம் பெட்டியில் ஒட்டிக்கொண்டு சகாய் நகரில் உள்ள வாடிக்கையாளர் கிடங்குக்குப் போய்விட்டன.

சனிக்கிழமை ரயிலேறி அங்கே போனான். கிடங்குக்காரர் முதலில் அவனைப் பைத்தியம் என்றே நினைத்தார்.

"பெட்டி வேணுமா உனக்கு?"

"பெட்டி வேணாங்க. மேல ஒட்டியிருக்கிற காகிதம் மட்டும்."

"எங்கிட்ட ஆயிரம் பேர் சரக்கு கேட்டு வந்திருக்காங்க. குப்பை கேட்டு வந்தது நீதான் முதல் ஆள். எடுத்துக்கோ."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து, ஈரத்துணி வைத்து ஒவ்வொன்றாக உரித்தான். சாயந்தரம்வரை உரித்ததில் இருபத்திரண்டு மணி நேரம் கிடைத்தது. மிச்சப் பெட்டிகள் வியாழக்கிழமையே காகித ஆலைக்குப் போயிருந்தன.

முப்பத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கே ஆபீஸில் நின்றான். முதலாளி வாடிக்கையாளரோடு கோல்ஃப் ஆடப் போயிருந்தார். பணப்பெட்டிச் சாவியும் அவரோடு போயிருந்தது. பயிற்சி மையத்துக்குப் போன் செய்து ஒரு நாள் பொறுக்க முடியுமா என்று கேட்டான். பணம் கட்டினால்தான் பெயர் என்றார்கள். சாயந்தரம் ஐந்து மணியோடு பட்டியலை மூடினார்கள். அடுத்தது பிப்ரவரியில்.

செவ்வாய்க்கிழமை முதலாளி பசை காய்ந்த சீட்டுகளை எண்ணிப் பார்த்தார்.

"இருபத்திரண்டு. மிச்சம் ஒன்பதுக்குச் சீட்டு எங்க?"

"அந்த ஒன்பதையும் கம்ப்யூட்டர்ல அடிச்சது நான்" என்றாள் ஹமுரோ அம்மாள், எழுந்து நின்று. "அவர் பொய் சொல்றாருன்னா நானும் பொய்தான் சொல்றேன். அப்ப அடுத்த மாசக் கணக்கை சின்னவரையே போடச் சொல்லுங்க."

முதலாளி மருமகனைப் பார்த்தார். மருமகன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். பிறகு பணப்பெட்டி திறந்தது.

நாற்பத்திரண்டாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து. கடைசி ஐந்து யென் காசு வரைக்கும் சரியாக இருந்தது. மொரியோ இரண்டு முறை எண்ணினான். ரசீதில் பெயர் முத்திரையைக் குத்தினான். முதலாளி அதை மடித்து ஃபைலில் போட்டார். "ஆச்சு, தீர்ந்துச்சு" என்றார்.

மொரியோ பண உறையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, இடுப்பு வலிக்குக் கட்டியிருந்த பட்டையை இன்னொரு ஓட்டை இறுக்கி, தன் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு இறங்கிப் போனான்.