பொம்மைக்குப் போட்ட சட்டை

மேட்டிலிருந்து விசில் வீறிட்டது. கொரில்லாக் கூட்டம் பிவிண்டிக் காட்டை விட்டு வாழைத் தோப்பில் இறங்கிவிட்டது.

கெம்பபாசி புருஷனின் துணிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பாரிக்யேவுக்குச் சொறி. நேற்றுதான் மருந்து தடவிவிட்டாள்.

"அந்த நீலச் சட்டை எங்கங்க?"

பாரிக்யே தலையைச் சொறிந்தான். "நம்ம தோப்புப் பொம்மைக்குப் போட்டுட்டேன். பபூன் குரங்குங்க தொல்லை தாங்கல."

அவளுக்குப் பகீரென்றது. பழந்துணியைப் பொம்மைக்குப் போடாதீர்கள், நம் சொறி கொரில்லாவுக்கு ஒட்டும் என்று வீடு வீடாகச் சொல்லும் சுகாதாரத் தொண்டர் அவள். முன்பு அப்படி ஒட்டித்தான் ஒரு குட்டி செத்தது. கொரில்லாக்களை நோகாமல் திருப்பும் காவலர்களுக்குத் தலைவனோ அவள் புருஷன்.

"நீங்க கிட்ட வராதீங்க," என்று, கூட்டத்தைத் திருப்ப அவன் அடிக்கும் மணியை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

காவலர்கள் வரிசை கட்டி நின்றார்கள். வழக்கம்போல் நேரே மேலே காட்டுக்கு ஏற்றினால் கூட்டம் பொம்மையை உரசிக்கொண்டுதான் போகும். இப்போதே ஒரு குட்டி அதைத் தலை சாய்த்துப் பார்த்தது.

"ஓடைப் பக்கமா திருப்புங்க," என்றாள்.

"அது என் தோப்பும்மா," என்றான் வரிசையில் நின்ற ந்த்யானபோ. "என் வாழை என்ன பாவம் பண்ணுச்சு? காரணத்தைச் சொல்லு."

சொன்னால் புருஷன் மானம் போகும். சொல்லாவிட்டால் குட்டி போகும்.

மேட்டிலிருந்து பாரிக்யேயின் குரல் மலை முழுக்கக் கேட்டது. "அந்தப் பொம்மை மேல இருக்கறது என் சட்டை. எனக்குச் சொறி. தலைவன் சொல்றேன், ஓடைப் பக்கமா திருப்புங்க."

"தலைவரே, சொறியறதுக்கு ஆள் அனுப்பவா?" என்று ஒருவன் கத்தினான். வரிசையே சிரித்தது. சிரித்தபடியே வளைந்தது. மணிகள் ஒலித்தன. கொரில்லாக்களில் முதுகு வெளுத்த பெரியவன் முறைத்துவிட்டு ஓடைப் பக்கம் நடந்தான். குட்டியும் பின்னால் ஓடியது. ந்த்யானபோவின் வாழை ஒரு வரிசை சாய்ந்தது.

கெம்பபாசி கழியால் சட்டையை எடுத்து அங்கேயே கொளுத்தினாள். மேட்டில் கை கட்டி நிமிர்ந்து நின்றவனைப் பார்த்தாள். இந்த மலையிலேயே பெரிய ஆம்பளை என் வீட்டில்தான் இருக்கிறான் என்று நெஞ்சு விம்மியது.

ந்த்யானபோ பக்கத்தில் வந்தான். வாழைக்குச் சண்டை போடத்தான் என்று நினைத்தாள். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மெல்லச் சுருட்டினான்.

"தலைவரே சொல்லிட்டாரு, எனக்கென்ன வெக்கம்? அந்த மருந்து மிச்சம் இருக்காம்மா? எங்க வீட்லயும் எல்லாரும் சொறிஞ்சுக்கிட்டுதான் இருக்கோம்."