மூன்று எண்ணி ஒன்று

தேநீரை வாயருகே கொண்டுபோனவளுக்குக் கை பாதியிலேயே நின்றுவிட்டது. காலையில் ஆமைக்கு ஃபிளேர் பெட்டியை மாட்டினாள், சரி. நேரத்தை மாற்றினாளா?

ஆமை என்பது அந்தச் சரக்கு விமானத்துக்கு விமானிகள் வைத்த பெயர். அதன் வேகத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். சூட்டை மோப்பம் பிடித்து வரும் ஏவுகணை, என்ஜினை விட்டுவிட்டு எரிகிற ஃபிளேர் பின்னால் ஓடட்டும் என்றுதான் பெட்டியில் முப்பதை அடைத்து அனுப்புவார்கள். குமிழில் வைத்த இடைவெளிப்படி பெட்டி அவற்றைத் தானாகவே ஒவ்வொன்றாக உதிர்க்கும். போர் விமானம் என்றால் அரை விநாடிக்கு ஒன்றாகக் கொட்டிவிட்டு ஓட்டமெடுத்துவிடும். ஆமைக்கோ எதிரி பதுங்கியிருக்கும் மலைக்கணவாயைத் தாண்டவே ஒன்றரை நிமிடம் வேண்டும். நேற்று முழுக்க அவள் போர் விமானங்களோடுதான் மாரடித்தாள். அவற்றில் ஒன்றிலிருந்து கழற்றிய பெட்டியைத்தான் இன்று இதில் மாட்டினாள். சரிபார்ப்புத் தாளில் டிக் போட்டது நினைவிருக்கிறது, குமிழைத் திருகியது நினைவில்லை. திருகவில்லை என்றால் பதினைந்தே விநாடியில் முப்பதும் தீர்ந்துவிடும்.

ஆமையை ஓட்டிக்கொண்டு போயிருப்பது அவள் கணவன்.

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். மேலதிகாரி அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழாமல் சொல்ல வழியில்லை. விழுந்தால் வேலை போகும். போய்த் தொலையட்டும் என்று மைக்கைப் பிடித்தாள். பணி நேரத்தில் அவள் அவனை 'கேப்டன்' என்று மட்டுமே கூப்பிடுவாள்.

"என்னங்க..."

சற்று நேரம் இரைச்சல்தான் வந்தது. "என்னம்மா, ரேடியோல இப்படிக் கூப்பிடுற?"

"ஆட்டோவ நம்பாதீங்க. நேரத்த மாத்தினேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல. கையால அமுக்குங்க. மூணு எண்ணி ஒண்ணு. அவசரப்படாதீங்க. இல்லன்னா திரும்பி வந்துடுங்களேன்..."

"எங்க திரும்புறது? ரெண்டு பக்கமும் மலை." அவன் சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை. "மூணு எண்ணி ஒண்ணு. சரி. நீ அழாத."

அதோடு மலை குரலை விழுங்கிவிட்டது.

மேலதிகாரி எழுந்து வந்தார். தன் பைனாகுலரை அவளிடம் நீட்டினார்.

கணவாயில் ஒரு வெள்ளைப் பொட்டு எரிந்துகொண்டே விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த பொட்டு. அவளுக்கு உயிர் வந்தது. பத்து வரைக்கும் கணக்குத் தப்பவில்லை. பதினொன்று, அவள் இரண்டு சொல்லும்போதே விழுந்துவிட்டது. அதற்கடுத்தது அதைவிட முன்னால். பயந்துவிட்டான்.

"மெதுவா, மெதுவாங்க," என்றாள், எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியிடம்.

இருபத்தைந்தை எண்ணியபோது கண்ணாடியில் அவள் மூச்சு படிந்து மலையை மறைத்தது. புறங்கையால் துடைத்துவிட்டுப் பார்த்தபோது இருபத்தாறாவது விழுந்துகொண்டிருந்தது. ஆமை இன்னும் கணவாய்க்குள்தான் இருந்தது.