ஆட்டம் முடியட்டும்

சீசன் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டே வந்த அணி அது. பெண்களுக்கான தேசியக் கால்பந்து லீக்கில் அவர்களுக்கு இன்னும் ஒரே ஓர் ஆட்டம்தான் மிச்சம். ஜெயித்தால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டியதுதான். இந்த நிலைமைக்காவது வந்து சேர்ந்தது குருவியால். வலது ஓரத்தில் ஆடுகிறவள். ஆள் சின்னவள், பந்து காலில் பட்டுவிட்டால் யாருக்கும் சிக்கமாட்டாள். அணி போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அவளுடையவை.

விடுதியில் அவளும் கேப்டனும் ஒரே அறை. கேப்டன் மூத்தவள், கல்யாணமானவள், முழங்கால் வலியோடு நடுக்களத்தில் ஆடுகிறவள். குருவிக்கு அவள் அக்கா. கோபம் வந்தால்கூட அக்காதான்.

ஆட்டத்தன்று காலையில் எல்லோருடைய போனையும் மேனேஜர் வாங்கி வைத்துவிடுவது வழக்கம். அன்றைக்கு அவர் கேப்டனை மட்டும் பந்துகள் வைக்கும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"குருவியோட அப்பா தவறிட்டாரு," என்றார்.

டைல்ஸ் ஒட்டுகிறவர். யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாராம். குருவியின் அண்ணன் போன் செய்திருக்கிறான்.

"ஆட்டம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு அவனே சொல்லிட்டான். நீதான் அவளைப் பாத்துக்கணும். முகத்துல எதையும் காட்டிடாத."

"அண்ணனா அப்படிச் சொன்னாரு?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

கேப்டன் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் மேனேஜர் சொல்வது உண்மையாக இருக்கட்டும் என்று அவளுக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. இரண்டாம் பிரிவுக்கு இறங்கி மறுபடி ஏறி வருகிற வயது அவளுக்கு இல்லை.

உடை மாற்றும் அறையில் குருவி சீப்போடு காத்திருந்தாள். ஆட்டத்துக்கு முன்னால் கேப்டனுக்குத் தலை பின்னிவிடுகிறவள் அவள்தான். கேப்டன் தரையில் உட்கார்ந்து முதுகைக் காட்டினாள். முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை, அது ஒரு நிம்மதி. காதை என்ன செய்வது? முந்தின நாள் அப்பா போனில் சொன்னதையெல்லாம் குருவி பின்னிக்கொண்டே சொன்னாள். அவர் இப்போது வேலை செய்கிற குளியலறை இவர்கள் வீட்டைவிடப் பெரிசாம். ஒரு மூலையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டால் வீட்டுக்காரர்கள் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும் என்றாராம். பக்கத்தில் இருந்த கோல்கீப்பர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னக்கா, கழுத்து இப்படி விறைச்சுக் கிடக்கு? பயமா?"

"லேசா," என்றாள் கேப்டன்.

இடைவேளைவரை கோல் விழவில்லை. கேப்டன் பந்து கிடைத்தபோதெல்லாம் இடப்பக்கமே தள்ளினாள். வலது பக்கம் கொடு என்று கோச் தொண்டை கிழியக் கத்தியும் அவளுடைய கால் அந்தப் பக்கம் போகவில்லை. ஆட்டம் முடிகிற நேரத்தில், வேறு யாரும் காலியாக இல்லாமல், குருவிக்குக் கொடுத்தாள். அவள் இரண்டு பேரைத் தாண்டிப் போய்க் கோலுக்குள் அடித்துவிட்டு, திரும்பி ஓடிவந்து கேப்டன்மேல் தாவினாள். கேப்டனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஐயோ, இன்னும் முடியலக்கா. முடிஞ்சப்புறம் அழலாம்," என்று குருவி தன் சட்டைக் கையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

அந்த ஒரு கோலில் ஜெயித்தார்கள். சொல்லவேண்டிய மேனேஜர் கேமராக்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கேப்டன்தான் குருவியைக் கையைப் பிடித்து, ஆள் இல்லாத நடைவழிக்குக் கூட்டிப்போனாள்.

"அப்பா போயிட்டாருடி."

"எங்க?" என்று கேட்டாள் குருவி. கேட்டபிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

"எப்ப?"

"காலையில."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ தலை பின்றதுக்கு முன்னாடியே."

குருவி கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தன் போனைக் கேட்டாள். நானும் வருகிறேன் என்று கேப்டன் சொன்னதற்கு வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினாள். அழுக்குச் சட்டையோடு அப்படியே கிளம்பிப் போனாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள்.

சில நாள் கழித்துக் கேப்டன் துக்கம் விசாரிக்கப் போனாள். அண்ணன் எலக்ட்ரீஷியன், அதிகம் பேசாதவன். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் குரலில் கோபமே இல்லை.

"உடனே அனுப்பி வைங்க, அவ வர்ற வரைக்கும் வச்சிருக்கோம்னு சொன்னேங்க. அவ இதோ கெளம்பிட்டான்னு உங்க மேனேஜர் சொன்னாரு. சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தோம். அதுக்கு மேல பெரியவங்க விடல."

கேப்டன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்த குருவியிடம், தனக்குச் சொல்லப்பட்டது வேறு என்று மெதுவாகச் சொன்னாள். குருவி நம்பினாள். நம்பியதால் எதுவும் மாறிவிடவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா," என்றாள். "ஒருவேளை நானே ஆடிட்டுப் போறேன்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. அது இனிமே எனக்கே தெரியாது."

கேப்டன் நேராகக் கிளப் நிர்வாகிகளிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர்கள் மேனேஜரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அணி தப்பித்ததா இல்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். அடுத்த சீசனுக்கும் அவர்தான் மேனேஜர். கேப்டன் ஆட்டத்தையே விட்டுவிட்டாள். குருவி வேறு கிளப்புக்குப் போனாள்.

மறு வருடம் அவள் ஆட்டத்தைப் பார்க்கக் கேப்டன் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். முடிந்ததும் வேலியோரம் போய் நின்றாள். குருவி பார்த்துவிட்டு வந்தாள். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டாள். முழங்கால் வலி குறைந்திருக்கிறதா என்று விசாரித்தாள். அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னாள். பஸ் காத்திருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

திட்டுவாள், அழுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எல்லாவற்றுக்கும் மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் கேப்டன் வந்திருந்தாள். தூரத்துச் சொந்தக்காரியிடம் பேசுவதுபோல் அவள் மரியாதையாகப் பேசிவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. கூட்டம் கலைகிறவரை வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டு, அவளும் வெளியே நடந்தாள்.