நீளமான குறிப்புக்கு எவ்வளவு வெட்டு

மருந்துக்கடையின் குளிர்ப்பெட்டி காலையிலிருந்து சூடேறிக்கொண்டிருந்தது. உள்ளே அத்தனையும் ஊசி மருந்து. இன்னும் ஒரு மணி நேரத்தில் குளிராவிட்டால் குப்பைக்குத்தான். பெட்டியின் முன்னால் சித்தப்பா கருவிப்பையோடு குந்தியிருந்தார். பழுதுபார்க்கும் கம்பெனியின் அலுவலகத்தில் அவருடைய அண்ணன் மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன் இருந்தாள்.

மெக்கானிக்குகள் எழுதிவைத்த பழைய குறிப்புகளிலிருந்து வேண்டியதைத் தேடிக் கொடுப்பது அவள் வேலை. தேடும் நிரலும் அவள் எழுதியதுதான், மாலை வகுப்பில் கற்றதை வைத்து.

"குளிரல. பின்னாடி விசிறிப் பக்கம் சத்தம். தேடும்மா," என்றார் சித்தப்பா.

முதலில் வந்ததை வாசித்தாள். "வீட்டுக்காரர் சத்தம் என்றார். அவர் மனைவி சத்தமே இல்லை என்றார். விசிறியைப் போடச் சொல்லி உட்கார்ந்தேன். மறுபடி சத்தம்..."

"நிறுத்து, நிறுத்து! அது நான் எழுதினது. என் கதையை எனக்கே சொல்றியா?"

அடுத்ததும் அவருடையது. அதற்கடுத்ததும்.

நிரல் குறிப்புகளுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் கணக்கு அவளுக்கு மனப்பாடம். தேடும் சொல் அடிக்கடி வந்தால் மதிப்பெண் ஏறும். எல்லாக் குறிப்பிலும் கிடக்கும் 'குளிர்' போன்ற சொல்லுக்குக் கொஞ்சம். அபூர்வமாக வரும் சொல்லுக்கு அதிகம். கடைசியில், நீளத்துக்கு ஒரு வெட்டு. பக்கம் பக்கமாக எழுதினால் எந்தச் சொல்தான் வராமல் போகும்? அந்த வெட்டைத்தான் அவள் பூஜ்யத்தில் வைத்திருந்தாள். கம்பெனியில் விலாவாரியாக எழுதுகிறவர் சித்தப்பா ஒருவர்தான். சின்ன வயதில் தன்னைத் தோளில் தூக்கிச் சுமந்தவருக்கு மதிப்பெண் குறைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"லைன்ல இருக்கியா? கடைக்காரர் என்னையே முறைக்கிறார்."

"உங்க மார்க்கைக் குறைக்கப்போறேன் சித்தப்பா. கோவிச்சுக்காதீங்க."

"பள்ளிக்கூடத்துல குறைக்காததையா நீ குறைச்சிடப்போற? குறைச்சுக்கோ தாயி."

வெட்டை முழுதாக வைத்தாள். இப்போது 'தந்தி' மேலே வந்தார். சொல்லுக்குக் காசு கேட்பார்கள் என்பதுபோல எழுதுகிற மெக்கானிக்குக்கு அந்தப் பட்டப்பெயர். "குளிரவில்லை. சத்தம். போனேன். சரி." போய் என்ன செய்தார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். குட்டையாக இருப்பதே ஒரு தகுதியாகிவிட்டது.

முக்காலுக்கு இறக்கினாள். வகுப்பில் சொன்னார்கள் என்பதைத் தவிர முக்காலுக்கு அவளிடம் வேறு காரணமில்லை. தப்பாகப் போனால் மருந்து போச்சு. பட்டனைத் தட்டினாள்.

"பின்விசிறி ஐஸில் உரசிச் சத்தம். வடிகால் குழாய் அடைப்பு. ஐஸை உருக்கிக் குழாயைக் குத்திவிட்டேன். குளிர்ந்தது." அதுவும் தந்திதான், ஏதோ நல்ல நாளில் எழுதியிருக்கிறார்.

திருகுகள் கழலும் ஓசை கேட்டது. "அடேங்கப்பா, பாறை மாதிரி நிக்குது!" சித்தப்பா கடைக்காரரிடம் வெந்நீர் கேட்டார். வெந்நீர் ஊற்றும் சத்தம், பிறகு குழாயைக் குத்தும் சத்தம். அவள் நகத்தைக் கடித்தபடி இருந்தாள்.

"டெம்பரேச்சர் முள் இறங்குதும்மா. மருந்து தப்பிச்சுது."

ஹெட்போனைக் கழற்றினாள். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. நேற்றைய தேடல்களை ஒவ்வொன்றாக மறுபடி ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. கதவு ரப்பர் பற்றிய கேள்விக்குச் சித்தப்பாவின் குறிப்பை விட்டால் வேறு பதில் கிடையாது; அது இப்போது அடியில் கிடந்தது. முக்காலை அரையாக்கினாள். ரப்பர் மேலே வந்தது. விசிறிக் கேள்வியைத் திரும்பவும் போட்டாள்.

தந்தியின் வடிகால் குறிப்பு முதலில். சித்தப்பா மூன்றாவது.