மடையா, படையா?

கல்லின் முன்னால் குத்தவைத்திருந்த மாரிச்செல்வி முகத்தைச் சுளித்தாள்.

"ஏட்டி, என்ன ஆச்சு?" என்று ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள் தோழி இந்து.

"என் ஆராய்ச்சி நாறுது. செத்த நேரம் இரு, மொதல்ல ஒரு போட்டோ எடு."

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, வத்திராயிருப்பு சாலையோரம் ஒரு கண்மாய். அதன் மதகடியில் அந்தக் கல். அவளுடைய எம்.ஏ. ஆய்வேடு முழுவதும் இதன்மேல்தான் நின்றது. ‘படைக்காவல் பெரியாண்டி’ என்று நான்கு நூல்கள் அடித்துச் சொல்லின. பெரிய தளபதியாம், இங்கேதான் பாளையம் இறங்கினானாம். அடிக்குறிப்புகளைத் துரத்திப் பார்த்தாள். நாலாவது நூல் மூன்றாவதைக் கைகாட்டியது. மூன்றாவது, இரண்டாவதை. இரண்டாவது, முதலாவதை. முதலாவதை எழுதியவர் பேராசிரியர் வைகுண்டராஜ். அவளுடைய நெறியாளர்! அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேடு கரையேறும். அவர் காட்டிய ஒரே சான்று, இந்தக் கல்.

அதில் வெட்டியிருந்த பெயரில், முதல் எழுத்தின் வலப்பக்கம் மட்டும் வேறு நிறத்தில் வழவழவென்றிருந்தது. வண்டிச் சாவியால் சுரண்டினாள். பொலபொலவென உதிர்ந்தது.

சிமெண்ட்!

அடியில் ‘ம’வின் சுழி பளிச்சென்று தெரிந்தது. மடைக்காவல். கண்மாய்த் தண்ணீரைத் திறந்து, அடைத்து, காவல் காத்தவர். இந்து மறுபடியும் படம் எடுத்தாள்.

மறுநாள், ராஜபாளையம். கல்லூரி அறையில் வைகுண்டராஜ் பருத்திப்பால் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"சார், கல்லை நேர்ல பார்த்தேன். அது மடைன்னு தோணுது."

"மடையா? ஏம்மா, இங்க வீட்டுக்கு ஒருத்தன் மிலிட்டரி, போலீஸுன்னு இருக்கான். ஒங்க பாட்டன் மடையன்னு எழுதுனா ஊரு சிரிக்காதா? பொஸ்தகம் வாங்குன அம்புட்டுப் பேரும் என்னிய மிதிச்சிருவான்."

"வாசிச்சதுல தப்பு இருந்தா..."

"தப்பெல்லாம் இல்ல. அந்தச் சிமெண்ட்டப் பாத்துட்டு ஒளறாத. மதகு ரிப்பேர்ல தெறிச்சது அது."

மாரிச்செல்வி நிமிர்ந்தாள்.

"சார், நான் சிமெண்ட்டுன்னு வாயே தொறக்கலியே?"

டம்ளர் பாதி வழியில் நின்றது. பயப்படுவார் என்று நினைத்தாள். சிரித்தார். மீசையில் பால் நுரை.

"வெவரமான பிள்ளதான். படைன்னே போட்டுரு, அடுத்த பதிப்புல அட்டையில ஒம்பேரும் வரும். மடைன்னா கையெழுத்து கெடையாது. ஒரு வருஷம் அவுட்டு!"

பேனா மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போடத் தயாரென்று அவளுக்கு ஆட்டிக் காட்டினார், மிட்டாய் காட்டுவதுபோல.

கையிலிருந்த ஆய்வேட்டைப் புரட்டினாள். முதல் பக்கம், நன்றியுரை. ‘என் அறிவுக்கண்ணைத் திறந்த பேராசிரியர்...’ சீ! இந்தக் கையால்தானே எழுதினோம்? சர்ரென்று கிழித்து, கசக்கி, அவர் குப்பைக்கூடையிலேயே போட்டாள்.

"பேனாவ மூடுங்க சார். துறைத்தலைவர் ரூமுக்குப் போறேன். சுரண்டுறதுக்கு முன்னாடியும் பொறவும் போட்டோ இருக்கு."

"ஏட்டி, வருஷம் போயிரும்!"

"போகட்டும் சார். ஊருக்குத் தண்ணி விட்டவரு மடையன் இல்ல. நாலு பொஸ்தகத்தையும் நம்புனேம் பாருங்க, நான்தான் மடச்சி."

வராந்தாக் குழாயில் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினாள். நகக்கண்ணில் புகுந்த நேற்றைய சிமெண்ட் போகவில்லை. அதோடேயே துறைத்தலைவரின் கதவைத் தட்டினாள்.