மாசி மாதத்து பேக்கப்

சொந்தத் தொழில் செய்கிறவர்கள் எல்லோருக்கும் வெளியூரில் ஒரு பேக்கப் இருப்பதுபோல, லோகநாதனுக்கும் நாமக்கல்லில் ஒரு லோகநாதன் இருந்தான். மச்சான் சென்னியப்பனின் கோழித்தீவனக் கடையில், பரண்மேல், மூட்டைகளுக்கு நடுவில் அவனை வைத்திருந்தார்கள். போன மாசியில் எடுத்தது. வாரா வாரம் புதிதாக எடுக்கவேண்டும் என்பதுதான் முறை. லோகநாதன் எடுக்கவில்லை. அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லா வாரமும் நினைத்தான். யார்தான் எடுக்கிறார்கள், சொல்லுங்கள்.

அவனுக்கு ஈரோட்டில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற வேலை. வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர். ஸ்டுடியோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள், அவன் பக்கம் பக்கமாக அடுக்கித் தருவான். ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. அதிலிருந்து அவனும் மனைவி சுகந்தியும் முழுசாகத் தூங்கவில்லை. அசதி முதலில் கண்ணுக்கு வந்தது, பிறகு கைக்கு. தை பிறந்தபோது வீட்டுச் சுவர்களும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்திருந்தன.

அந்த அசதியில்தான் ஒரு ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வேறு கல்யாணத்துப் பெண்ணை வைத்துவிட்டான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும். ஆல்பம் அச்சாகி வந்துவிட்டதால் அந்தப் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கே குடிபோனாள். இரண்டு வீட்டாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டுடியோக்காரர் அருள்ராஜ்தான் எடுத்துக்கொண்டார்.

"லோகு, ஃபைல் கெட்டுப் போச்சு," என்றார் போனில்.

"எந்த ஃபைலுங்க?"

"நீங்கதான். பேக்கப் இருக்குதில்ல? அதை எடுத்துப் போடுங்க. இல்லைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

சுகந்தியிடம் சொன்னான். அவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து வைத்த துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப விரிந்தன. அவள் அலுத்துக்கொள்ளாமல் திரும்ப மடித்தாள்.

"மாசியில நீங்க நல்லாச் சிரிப்பீங்க," என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. ஞாபகம் வந்ததைச் சொன்னாள்.

"மாசியில உனக்கு நாலாவது மாசம். அவனுக்குப் பாப்பாவைத் தெரியாதே."

"சொல்லிக் குடுத்தா தெரிஞ்சுக்கறாரு. நீங்க போய் நாலு நாள் தூங்கிட்டு வாங்க. உங்களைப் பாக்கவே பாவமா இருக்குதுங்க."

அவனுக்கு அழுகை வந்தது. தூங்கு என்று அவனிடம் யாரும் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது.

பேக்கப் மீட்பு அலுவலகம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. அவன் கொட்டாவி விடும்போதெல்லாம் உள்ளே நடைவழி கொஞ்சம் நீண்டது. வாயை இறுக மூடிக்கொண்டு ஓடித்தான் கவுண்டரைப் பிடித்தான். அங்கே இருந்த அம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பருப்பைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுத் தோலை டப்பாவில் சேர்த்தார்.

"கடைசியா எப்ப எடுத்தீங்க?"

"மாசியிலங்க."

"அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு?"

"குழந்தை பொறந்துச்சுங்க."

"அது பேக்கப்ல இருக்குதா?"

"இல்லைங்க."

"அப்பப் பொறக்கலை."

"வீட்டுல இருக்குதுங்க. பல்லுகூட மொளைக்குது."

"வீட்டுல இருக்கறது வேற, பேக்கப்ல இருக்கறது வேற."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். பார்த்தவருக்கே கொட்டாவி வந்தது. கொஞ்சம் இறங்கி வந்தார்.

"ஊருக்கு ஒருத்தர்தான் இருக்கலாம். அவர் இங்க வரட்டும், நீங்க அங்க போங்க. குழந்தையைப் பத்தி உங்ககிட்ட இருக்கறதை எல்லாம் போன்ல ஒண்ணொண்ணா ஏத்திவிடுங்க. ஏத்தி முடிச்சதும் ரெண்டு பேரும் திரும்ப இடம் மாத்திக்கலாம். ஆனா காப்பி பண்ணுங்க. கட் பண்ணிராதீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?"

"அவருக்கு ஒண்ணுதான். கட் பண்ணினா உங்ககிட்ட இருக்காது. அசந்து போய் வர்றவங்க எல்லாம் அதைத்தான் பண்றாங்க."

லோகநாதன் தலையாட்டினான். தலையாட்ட என்ன செலவு? ஆனால் ஆல்பக்காரன் கை காப்பி பண்ணாது. ஒரு படத்தை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால்தான் அந்தப் பக்கத்தில் வைக்கலாம். ஒரே அத்தை ஒரே படத்தில் இரண்டு இடத்தில் வந்தால், ஓரிடத்திலும் வராத அத்தை சும்மா இருப்பாளா? கல்யாண வீடே நாறிப்போகும். கட் பண்ணிக் கட் பண்ணியே பழகின கை அவனுடையது. இதை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அசதியில் தோன்றவில்லை.

திருச்செங்கோட்டில் நாமக்கல் போகிற பஸ்ஸும் ஈரோடு வருகிற பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மாசி மாதத்து லோகநாதன் ஜன்னல் வழியாகக் கை நீட்டினான். கன்னம் சதைப்பிடிப்பாக இருந்தது. தன்னையே ஒருமையில் கூப்பிட இருவருக்கும் வாய் வரவில்லை.

"ரொம்ப இளைச்சுட்டீங்க," என்றான் மாசி.

"ஆமாங்க. கையில என்னங்க?"

"மாங்காய். சுகந்தி கேட்டா."

"இப்ப வேண்டாமுங்க. பொறந்துருச்சு."

"அப்படிங்களா. என்ன குழந்தை?"

"பொண்ணு."

மாசி சிரித்தான். பக்கத்து வீட்டு விசேஷத்துக்குச் சிரிக்கிற மாதிரி, மனசாரத்தான் சிரித்தான். லோகநாதன் வீட்டுச் சாவியைக் கொடுத்தான். சாவி அந்தக் கைக்குச் சந்தோஷமாகப் போனதுபோல் இருந்தது. அது அவனுக்குச் சுருக்கென்றது.

பரணில் மூட்டைகள் மெத்தென்றிருந்தன. தவிட்டு வாசம். கீழே கோழிப்பண்ணைக்காரர்கள் வந்து போனார்கள். லோகநாதன் படுத்தான். தூக்கம் வந்தது, ஆனால் வேறு யாருடைய தூக்கமோ மாறி வந்த மாதிரி இருந்தது. எழுந்தபோது அசதி அப்படியே இருந்தது.

"மாப்ள, மேல சௌரியமா இருக்குதுங்களா?" என்று கீழேயிருந்து சென்னியப்பன் கேட்டார்.

"இருக்குதுங்க மச்சான்."

"அவரு இருந்த வரைக்கும் விசிலடிச்சுக்கிட்டே இருப்பாரு. நீங்க சத்தமே காட்டமாட்டேங்கறீங்க."

மாசியிடமிருந்து முதல் போன் சாயங்காலம் வந்தது. "தூக்கினா நெளியறாங்க. எப்படித் தூக்கறதுங்க?"

"இடது தோள்ல போடுங்க. கன்னம் உங்க கழுத்துல படணும்."

"ஆ, சரியாப் போச்சு."

போனை வைத்தபின் லோகநாதன் தன் இடது தோளைத் தடவிப் பார்த்தான். அங்கே ஏதோ வைத்திருந்த நினைப்பு. சட்டைதான் இருந்தது.

மறுநாள் கஞ்சிக்காகப் போன் வந்தது. "ராகிக் கஞ்சியைத் துப்பறாங்க."

"ஸ்பூனை முதல்ல சுவத்துல இருக்கற பல்லிக்குக் காட்டுங்க. பல்லி வேண்டாம்னு சொன்னதும் குடிப்பா."

"பல்லி சொல்லுமா?"

"சொல்லும். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொல்லும்."

அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு சென்னியப்பன் ஏணியில் ஏறி வந்தார். "பாப்பா கஞ்சி குடிக்குதாமே மாப்ள? சுகந்தி சொன்னா."

"குடிக்கட்டுங்க," என்றான் லோகநாதன். எந்தக் கஞ்சி என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்டால் மச்சான் வருத்தப்படுவாரோ என்று விட்டுவிட்டான்.

மூன்றாவது போன் சுருக்கமாக இருந்தது. "சுகந்திகிட்டக் கேக்கக் கூச்சமா இருக்குதுங்க. பாப்பா பேரு என்ன?"

"நறுமுகை."

"நல்ல பேரு."

"நாந்தாங்க வெச்சேன்."

அதன்பிறகு சென்னியப்பன் ஒரு வெள்ளி அரைஞாணைக் காட்டினார். குழந்தைக்காக வாங்கியது. பெட்டிமேல் பேரைப் பிழையில்லாமல் எழுதவேண்டுமாம். "சொல்லுங்க மாப்ள, எழுதிக்கறேன்." லோகநாதன் வாயைத் திறந்தான். வாயில் ஒன்றும் இல்லை. நாக்கால் துழாவிப் பார்த்தான். கை காப்பி பண்ணாமல் கட் பண்ணிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மூட்டைகளை நகர்த்தி நகர்த்தித் தேடினான். தோள் இல்லை, கஞ்சி இல்லை, பேர் இல்லை. பிறந்த அன்று துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்களே, அதைக்கூட நேற்று பேச்சோடு பேச்சாகச் சொல்லித் தொலைத்திருந்தான். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. மத்தியானம் அவள் தூங்க அடம்பிடிக்கும்போது மடியில் வைத்துக்கொள்வான். அவள் உள்ளங்கையை மவுஸ்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து, யாருடைய கல்யாணத்தையோ மெல்ல நகர்த்துவான். படங்கள் போய்க்கொண்டிருக்கும். கைக்குள் அந்தச் சின்னக் கை சூடாகி, கனத்து, தூங்கிப்போகும்.

இதைத் தரமாட்டேன் என்று முடிவு செய்தான். கேட்டாலும் தரமாட்டேன். இது என்னுடையது. சொந்தமாக ஒரு குழந்தையை வைத்துக்கொள்ள ஒருவனுக்கு இவ்வளவாவது வேண்டாமா?

மத்தியானம் போன் அடித்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. சென்னியப்பன் கீழேயிருந்து பார்த்தார். எடுத்தான்.

குழந்தையின் அழுகைதான் முதலில் வந்தது. அதற்குப் பின்னால் மாசியின் குரல். அந்தக் குரலில் சிரிப்புத் தீர்ந்துபோயிருந்தது.

"தூங்கமாட்டேங்கறாங்க. தோள்ல போட்டாச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டாச்சு. கண்ணெல்லாம் எரியுதுங்க எனக்கு. வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லைங்க."

"இருக்கணும். சுகந்தி இருக்குதுன்னு சொல்றா."

"அவகிட்டக் கேளுங்க."

"மத்தியானத்துல அவ அசந்து தூங்கிருவாளாம். உங்களுக்குத்தான் தெரியுமாம்."

சுகந்தி போனை வாங்கினாள். "ஏனுங்க, பிள்ளை அழுது குரலே கம்மிப்போச்சுங்க," என்றாள்.

அழுகை தொடர்ந்தது. நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, விக்கிக்கொண்டு. லோகநாதன் கேட்டுக்கொண்டிருந்தான். காப்பி, காப்பி என்று தன் கைக்குச் சொல்லிப் பார்த்தான். கை கேட்கிற கை இல்லை. அது அவனுக்கே தெரியும்.

"கம்ப்யூட்டருக்கு முன்னால உக்காருங்க," என்றான். "மடியில வெச்சுக்குங்க. அவ கையை மவுஸ்மேல வைங்க. அதுக்கு மேல உங்க கை. அழுத்தாதீங்க. ஏதாச்சும் ஒரு கல்யாணத்தைத் திறந்து மெதுவா நகத்துங்க."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அழுகை தேம்பலாயிற்று. தேம்பல் நடுவில் நின்றது. பிறகு வெறும் மூச்சு, சீரான சின்ன மூச்சு. லோகநாதன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். முடிந்த மட்டும் கேட்டான்.

லைன் தானாகவே கட் ஆனது.

சென்னியப்பன் ஏணியில் பாதி ஏறி நின்றார். "யாருங்க மாப்ள போன்ல?"

"யாரோ ஒருத்தருங்க. அவங்க வீட்டுக் குழந்தை தூங்கிருச்சாம்."

"யார் குழந்தை?"

"கேக்கலைங்க."

சென்னியப்பன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். லோகநாதனின் வலது கை தீவன மூட்டையின்மேல் கவிழ்ந்து, அடியில் எதையோ நசுக்காமல் வைத்திருப்பதுபோல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க மாப்ள," என்று சென்னியப்பன் ஆரம்பித்தார்.

"மெதுவாப் பேசுங்க மச்சான்," என்றான் லோகநாதன்.

"ஏன்?"

"தெரியலைங்க."