டீ அக்காவின் அலறல்

லோஜினிக்கு ஊர் இலங்கை மலையகத்தில் டயகம தேயிலைத் தோட்டம். ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே ராப் பாடுவாள். அவளுடைய அம்மா ஜீவராணி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவி கொட்டி இறந்துபோனார். அடுத்த நிரையில் நின்ற லோஜினி எல்லாவற்றையும் பார்த்தாள். அதைப் பாட்டாக எழுதி, நண்பன் நிரோஷன் போட்ட பீட்டில் பாடி இணையத்தில் விட்டாள். நாடெங்கும் கேட்டார்கள்.

அப்படிக் கேட்டுத்தான் கொழும்பிலிருந்து பிரணவன் வந்தார். அவருடைய கம்பெனி ஹிப்ஹாப்பை வைத்து 'அடி பீட்' என்றொரு சண்டை கேம் செய்துகொண்டிருந்தது. ஊருக்கு ஒரு ராப் பாடகர் மோதுவாராம், தாளம் பிசகாமல் வரி விழுந்தால் அடி பலமாக விழுமாம். மலையகத்துக்கு நீங்கள்தான் என்றார். ஸ்டூடியோவில் லோஜினி முழுப் பாட்டையும் பாடினாள். பிறகு, குளவி கலைந்தபோது அம்மா எப்படிக் கத்தினார் என்று கேட்டார் பிரணவன். பாட்டுக்கு முன்னால் சேர்க்கத்தான் என்றார். லோஜினி ஒரே ஒரு முறை கத்திக் காட்டிவிட்டு, வெளியே போய் அழுதாள்.

கேம் வந்த அன்று, ஹட்டனில் எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் முஹ்ஸினின் கேம் கடையில் உட்கார இடமில்லை. நிரோஷன்தான் முதலில் விளையாடினான். திரையில் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் முதுகில் கொழுந்துக் கூடையுமாக ஒருத்தி வந்து நின்றாள். பெயர் டீ அக்கா. கூடையால்தான் அடித்தாள். ராப் ஒரு வரிகூட இல்லை, எல்லா ஊர்க்காரர்களுக்கும் ஒரே இரைச்சலான இசை. தாளத்துக்குப் பட்டனை அழுத்தினால் அவள் கை தாமதமாக அசைந்தது. ஆனால் டீ அக்கா அடி வாங்கியவுடன் அந்த அலறல் மட்டும் துல்லியமாகக் கேட்டது.

கடையில் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கவே அடுத்து வந்தவன் டீ அக்காவைத் தேடிப்பிடித்து அடித்தான். லோஜினி எழுந்து நின்றாள். நிறுத்துங்க நானா என்றாள். முஹ்ஸின் காரணம் கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முனகியவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வாசலில் நின்றே பிரணவனுக்கு அழைத்தாள். பாட்டு நீளம், விளையாடுகிறவர்களுக்குப் பொறுமையில்லை என்று அவர் ஆரம்பித்தார்.

"அது எங்கம்மா செத்த சத்தம் சார். அத எதுக்கு போட்டிருக்கீங்கன்னு பாத்தீங்களா?"

"கோவப்படாதீங்க தங்கச்சி. உங்க ஆளுங்கள கேமுக்குள்ள கொண்டு வந்ததே பெரிய விஷயம்."

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

நுவரெலியாவில் கம்பெனி ஒரு அறிமுக விழா வைத்தது. அழைப்பிதழில் லோஜினியின் படமும் இருந்தது. போகாதே என்றான் நிரோஷன். அவள் போனாள். மேடையில் மைக்கைக் கொடுத்ததும் எல்லோரும் பாட்டை எதிர்பார்த்தார்கள்.

"டீ அக்கா கத்துறாளே, அது நடிப்பு இல்லைங்க," என்றாள். "எங்கம்மா மலையில குளவி கொட்டி செத்தப்ப அப்படித்தான் கத்துனாங்க. இனிமே அவள அடிக்கிறவங்க, அத தெரிஞ்சுகிட்டே அடிங்க."

யாரோ மைக்கை அணைத்தார்கள். கையிலிருந்ததைத் தரையில் வைத்துவிட்டு, பீட்டும் இல்லாமல் பாட்டை முதலிலிருந்து பாடினாள். பின்வரிசைக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. முன்வரிசையில் இருந்த பிரணவனுக்குக் கேட்டது, அவர் எழுந்து வெளியே போனார். பாடி முடிக்கும்வரை லோஜினி இறங்கவில்லை.

யாரோ எடுத்த வீடியோ பரவியது. கம்பெனி ஒரு வாரத்தில் கேமைத் திருத்தி வெளியிட்டது. அலறல் போய்விட்டது. டீ அக்காவும் போய்விட்டாள். மனம் புண்பட்டவர்களிடம் வருந்துவதாக ஓர் அறிக்கை வந்தது. அதில் ஜீவராணியின் பெயர் இல்லை.

"சத்தத்த எடுங்கன்னு சொன்னா ஆளையே எடுத்துட்டாங்க," என்றான் நிரோஷன்.

தோட்டத்திலும் சிலர் குறைப்பட்டார்கள். நம்ம ஆள் என்று ஒருத்தியாவது இருந்தாள், அவளையும் நீ இல்லாமல் ஆக்கிவிட்டாய் என்று சித்தப்பாவே முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"அடி வாங்குறதுக்கு மட்டும் நம்ம ஆளு வேணுமா சித்தப்பா?" என்று கேட்டாள் லோஜினி. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அதுவும் அவளுக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

அன்று மாலையே புதுப் பாட்டுக்கு பீட் கேட்டு நிரோஷன் வீட்டுக்குப் போனாள். அவன் மெதுவான, சோகமான ஒரு பீட்டைப் போட்டுக் காட்டினான்.

"அழுறதுக்கு வரல," என்றாள். "வேகமா போடு."